பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை: மூன்று மழை நாட்கள்

வெள்ளிக்கிழமை இரவு, அம்பாசமுத்திரம்

காலை ஆறரை மணிக்குப் பாளையங்கோட்டை வீட்டை விட்டுக் கிளம்பும்போது வெறும் தூறல். மேலப்பாளையம் தாண்டுவதற்குள் வைப்பரை முழு வேகத்தில் போட்டும் ரோடு தெரியவில்லை. பக்கத்தில் அப்பா, மடியில் குடை, கையில் அன்றைய பேப்பர். பின்னால் என் மகன், பத்து வயது, பேசாமல் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான்.

அவன் வருத்தத்தில் நியாயம் இருந்தது. இந்த மூன்று நாள் விடுமுறைக்கு நாங்கள் சென்னையிலிருந்து அந்தமான் போவதாக இருந்தோம். பள்ளிக்கூடத்தில் எரிமலைப் பாடம் நடத்தியதிலிருந்து அவனுக்கு பாரன் தீவு நினைப்புதான். இந்தியாவில் இன்னும் அடங்காமல் இருக்கும் எரிமலைத் தீவு அது. 1991இல் விழித்து, அதற்குப் பிறகும் பல தடவை புகையும் நெருப்பும் கக்கியிருக்கிறது. தீவில் இறங்க விடமாட்டார்கள், கப்பலில் இருந்தபடிதான் பார்க்கலாம். அதுவே போதும் என்றுதான் அவன் இருந்தான். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவிப்பு வந்ததும் அந்தமானை விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தோம். சரி, குற்றாலமாவது போகலாம் என்றால் அங்கே எல்லா அருவியிலும் குளிக்கத் தடை. முன்பணம் வாங்கியிருந்த விடுதி, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பணத்தைத் தர மறுத்துவிட்டது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாதான் சொன்னார். "அருவியில குளிக்கத்தான விடமாட்டாவ? தண்ணி எங்க போகுதுன்னு பாக்குறதுக்கு யாரு தடை போடுதா? மேல இருந்து கடல் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன், வாங்க."

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். ஷட்டரை ஏற்றி இறக்குவது, கால்வாய்க் கரையில் நடந்து உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, ராத்திரி டார்ச் லைட்டோடு மடைக்குக் காவல் இருப்பது. முப்பத்திரண்டு வருஷம் இதுதான் அவர் வேலை. சின்ன வயதில் மழை என்றாலே எனக்கு அப்பா வீட்டில் இல்லாத ராத்திரிகள்தான் ஞாபகம் வரும். அவர் போன இடங்களைப் பார்க்கும் ஆசை எனக்கு அப்போதிருந்தே உண்டு. கேட்டதில்லை.

முன்னீர்பள்ளம், மேலச்செவல், பத்தமடை. பத்தமடையில் மழைக்கு ஒதுங்கி ஒரு டீ. பாய்க்கான கோரை இந்த ஆற்றங்கரைகளில் வளர்வது. கடையில் விரித்துக் காட்டிய பட்டுப் பாயைத் தொட்டால் துணியைத் தொட்டது போல இருந்தது. வாங்கவில்லை, விலை அப்படி. சேரன்மகாதேவி தாண்டியதும் மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, கரும் மேகம் மட்டும்.

பாபநாசம் போய்ச் சேரும்போது மணி பத்து. வனத்துறை செக்போஸ்ட்டில் எதிர்பார்த்த பதில்தான்: அகஸ்தியர் அருவி கிடையாது, காரையார் கிடையாது, சொரிமுத்து அய்யனார் கோயில் கிடையாது. இந்தக் காடு முழுக்க களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். மழையில் பாதை அறுந்தால் அவர்கள்தான் வந்து மீட்க வேண்டும், அதனால் நாங்கள் தகராறு செய்யவில்லை. பாபநாசநாதர் கோயில் படித்துறைக்கு வந்தோம். எப்போதும் படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போடுவோம். இன்று அந்தப் படிகள் தண்ணீருக்குள். செம்மண் நிறத்தில், மரக்கிளைகளைச் சுழற்றிக்கொண்டு ஆறு போகிறது. கயிறு கட்டி, போலீஸ்காரர் ஒருவர் மழைக்கோட்டோடு நின்றார். பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது அங்கேதான்.

"தாத்தா, பொதிகை மலை எரிமலையா?"

அப்பா என்னைப் பார்த்தார். கல்லூரியில் நான் படித்தது நிலவியல், அதனால் இந்த ஒரு கேள்வி எனக்கு. இல்லை. எரிமலைக் குழம்பு வெளியே கொட்டி உறைந்த பாறை இல்லை இது. சார்னோகைட், நைஸ் என்று சொல்லும் வகைகள். பூமிக்கு வெகு ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து வெந்து, பல கோடி ஆண்டுகளில் மேலே இருந்த மண்ணும் கல்லும் தேய்ந்து போக, வெளியே வந்தது. நம் சென்னையில் பல்லாவரம் மலையும் சார்னோகைட்தான் என்று சொன்னதும் அவனுக்கு ஆச்சரியம். தினமும் ஸ்கூல் வேனில் பார்க்கிற கல் இங்கே 1,868 மீட்டர் உயரத்துக்கு அகத்தியமலையாக நிற்கிறது. அந்த உயரம்தான் மழையை நிறுத்துகிறது. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குக் காற்றின் மழை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குக் காற்றின் மழை, இரண்டையும் வாங்கிக்கொள்கிற மலை இது. அதனால்தான் இந்த ஆற்றை நம்பி இங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம்.

அப்பா பேப்பரை விரித்து அவனுக்கு வாசித்துக் காட்டினார். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இவை முழுக் கொள்ளளவு. டீக்கடையில் பரீட்சை மார்க் கேட்பது போல, "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டால் எந்த அணை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பையன் மூன்று எண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

திரும்பும் வழியில் கன்னடியன் கால்வாய்க் கரையில் அரை மணி நேரம். அப்பா அதிக நாள் வேலை பார்த்தது இந்தக் கால்வாயில்தான். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவருக்கு அகத்தியர் வழி சொன்ன கதையை மழைச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார். பசு மாடு ஒன்று முன்னால் நடக்கும், அது போன தடத்தில் கால்வாயை வெட்டு, அது படுத்த இடத்தில் குளம் வெட்டு. கதை எப்படியும் இருக்கட்டும். கால்வாய் வளைந்து வளைந்து போவதைப் பார்த்தால் மாடு நடந்த தடம் என்றே நம்பத் தோன்றுகிறது. மாடு செங்குத்தாக ஏறாது, இறங்காது. மேட்டை ஒட்டி, சரிவு பார்த்து நடக்கும். தண்ணீருக்கும் அதே கணக்குதான்.

ராத்திரி அம்பாசமுத்திரத்தில் அத்தை வீடு. கறுப்பு உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், சுட்ட அப்பளம். பக்கத்தில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர்களுக்கு நாலு நாளாக வெயில் இல்லாமல் வேலையே ஓடவில்லை என்று அத்தை சொன்னாள். ஓட்டின் மேல் மழை விழும் சத்தத்தில் இதை எழுதுகிறேன். மாஞ்சோலைக்கு விடமாட்டார்கள் என்பது தெரியும். மணிமுத்தாறு அணை வரைக்குமாவது போக முடிந்தால் நல்லது.

சனிக்கிழமை இரவு, பாளையங்கோட்டை

போக முடிந்தது. காலையில் ஒரு மணி நேரம் மழை விட்டது, அந்த நேரத்தில் மணிமுத்தாறு அணைக்கரையில் நின்றோம்.

இந்த அணை காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது கட்டி முடித்தது, 1958. மழைக்காலத்தில் வீணாக ஓடுகிற தண்ணீரைத் தேக்கி, ஆற்றுத் தண்ணீரையே பார்த்திராத நாங்குநேரிப் பக்கத்து வறண்ட நிலத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் எண்ணம். கரை முடிவே தெரியாமல் நீண்டு போகிறது. மேகம் கொஞ்சம் விலகியபோது எதிரே மலைச்சரிவில் நாலைந்து வெள்ளைக் கோடுகள். எல்லாம் அருவிகள், பேர் இல்லாதவை, இந்த மழைக்கு மட்டும் பிறந்தவை. பையன் ஒன்பது வரை எண்ணினான், பிறகு மூடிக்கொண்டது.

அத்தை வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒரு அம்மாவை எங்களோடு கூட்டி வந்திருந்தோம். ஊத்து எஸ்டேட்டில் நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அந்த மலைமேல் இருந்த தேயிலைத் தோட்டங்கள், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பம்பாய் பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தவை. குத்தகை 2028 வரை. அதற்கு முன்னாலேயே 2024இல் வேலை நின்று, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்கள் கீழே இறங்க வேண்டி வந்தது. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில், தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கிய பதினேழு பேர் செத்துப்போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த அம்மா அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஊத்துல விடாம பெய்யும்" என்றார். "அங்கன மழைன்னா மாசக் கணக்குல. துணி காயாது, அடுப்பு மேல கொடி கட்டி உணத்துவோம். அட்டை கால்ல ஏறுறது தெரியாது, ரத்தம் வந்தாத்தான் தெரியும். ஆனாலும் யம்மா, அந்தக் குளிர்ல கருப்பட்டிக் காப்பி குடிச்சா வருமே ஒரு ருசி, அது இங்க வரல. அதே கருப்பட்டிதான்."

மழை அளவு பட்டியலில் ஊத்தும் நாலுமுக்கும் எப்போதும் மேலே இருக்கும். எனக்கு அவை இத்தனை நாளும் பட்டியலில் வரும் பேர்கள்தான். இனி அப்படி வாசிக்க முடியாது. அந்த மலையில் விழும் மழையை நாங்கள் கீழே இருந்து குடிக்கிறோம், சோறாக்கித் தின்கிறோம். அங்கே நனைந்துகொண்டு வாழ்ந்தவர்களுக்கு இறங்கி வந்த பிறகு ஒரு நல்ல வீடும் வேலையும் கிடைப்பது நம் எல்லோர் கடன் என்றே நினைக்கிறேன்.

மழை திரும்பப் பிடித்தது. அவரை வீட்டில் விட்டுவிட்டு, வீரவநல்லூர் பக்கமாகத் திரும்பி திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடம். கோயில் கோபுரத்துக்குள் நிலை நிலையாகச் சுவரோவியங்கள் உண்டு. முன்பு ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கிறேன்: போர், கப்பல், குதிரைகள், நாள் முழுக்கப் பார்க்கலாம். இன்று நனைந்த காலோடு அங்கே ஏற எனக்கு மனமில்லை. கோயிலில் லிங்கம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கருவூர்ச் சித்தர் தரிசிக்க வந்தபோது ஆற்றில் வெள்ளம். கடக்க முடியாமல் அக்கரையில் நின்றே "நாறும்பூ நாதா" என்று கூப்பிட்டாராம். காதில் கை வைத்துக் கேட்பது போல சுவாமி தலையைச் சாய்த்தாராம். இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வெள்ளம் ஓடும் நாளில், அந்த இரைச்சலுக்கு நடுவே கேட்டது இன்றுதான் முதல் தடவை. அக்கரையில் நிற்கிறவர் கத்தினால் நிச்சயம் கேட்காது. சாயத்தான் வேண்டும்.

கரையில் மருத மரங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு கொக்குகள். ஊர்க்காரர்களே பார்த்துப் பாதுகாக்கிற பறவைகள் இவை.

திருநெல்வேலிக்குள் நுழைய சாயங்காலம் ஆகிவிட்டது. நேரே குறுக்குத்துறை. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது, தீவு போல. வெள்ளம் வரும் திசையைப் பார்த்த அதன் முகப்பு படகின் முனை மாதிரி கூராக இருக்கும். தண்ணீர் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து போகும். பெரிய வெள்ளத்தில் கோயிலே முழுகிவிடும், அதற்குள் உற்சவரை மேட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்ததும் சேற்றை அள்ளிப்போட்டுவிட்டு மறுபடி பூஜை. இன்று மண்டபத்தின் பாதி வரை தண்ணீர். பையன் கேட்டான், "தாத்தா, இப்படி முழுகும்னு தெரிஞ்சும் ஏன் உள்ள கட்டுனாங்க?"

"ஆத்தோட இருக்கணும்னு நெனச்சவன் கட்டுனது எய்யா. முழுகுனா முழுகட்டும், உடையக் கூடாதுன்னு கட்டிருக்கான்."

கொக்கிரகுளம் சுலோசன முதலியார் பாலத்தில் கூட்டம். வெள்ளம் வந்தால் ஊரே இங்கே வந்து நின்று பார்க்கும், எங்கள் தாத்தா காலத்திலும் இப்படித்தான். பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் சேர்க்க, சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்த பாலம். 1843இல் திறந்தார்கள், இன்னும் பேருந்து போகிறது. நேற்று பாபநாசத்தில் நாங்கள் பார்த்த தண்ணீர் எப்போதோ இந்தப் பாலத்தைத் தாண்டியிருக்கும். நாங்கள்தான் வழியில் சாப்பிட்டு, தூங்கி, பின்தங்கிவிட்டோம்.

கால் கிலோ அல்வா வாங்கி வாழை இலைத் துண்டில் சூடாகச் சாப்பிட்டுவிட்டு வீடு. நாளை கடல்.

ஞாயிற்றுக்கிழமை இரவு

திருச்செந்தூர் ரோடு. கிருஷ்ணாபுரம் சிற்பங்களை இன்னொரு நாளைக்கு ஒத்திவைத்தோம். செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாக ஆதிச்சநல்லூர்.

1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் முதலில் தோண்டிப் பார்த்த இடம். அதற்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ, பிறகு நம் காலத்து அகழாய்வுகள். இப்போது அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளைப் புதைந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். பையன் கண்ணாடி மேல் கால் வைக்கவே தயங்கினான். வெளியே வந்ததும் அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, எந்தப் பலகையிலும் எழுதியிராத ஒன்றைச் சொன்னார். இந்த இடம் பரம்பு, சரளைக்கல் மேடு. ஒன்றும் விளையாது. வெள்ளமும் ஏறாது. கீழே ஆற்றை ஒட்டி நல்ல நஞ்சை. "நெல்லு வெளையுற மண்ணை வெவசாயி எதுக்கும் குடுக்க மாட்டான். செத்தவங்களுக்கு மேட்டைக் குடுத்திருக்கான்." பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு 3,200 வருஷம் என்று கணித்திருக்கிறார்கள். ஆக, அத்தனை காலமாக இந்தக் கரையில் யாரோ ஒருவர் இந்த ஆற்றுத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துத் திருப்பியிருக்கிறார்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் நெடுநேரம் நின்றோம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் இதுதான் கடைசி, வெள்ளைக்காரர்கள் கட்டியது. வடகால், தென்கால் என்று இரண்டு பக்கமும் தண்ணீரைப் பிரித்துக் குளங்களுக்கு அனுப்புகிறது. மிச்சம் அணையைத் தாண்டிக் கடலுக்கு. தண்ணீர் அணை மேல் வழிந்து விழும் சத்தத்தில் நாங்கள் சைகையில்தான் பேசிக்கொண்டோம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாள் இங்கே நடந்ததை அப்பா பையனுக்குச் சொன்னார், காருக்குள் ஏறிய பிறகு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் வரிசையாக உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப்போய் அந்தரத்தில் தொங்கியது. உள்ளே எண்ணூறு பேர் அளவில். பக்கத்து ஊரான புதுக்குடிக்காரர்கள், தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நிற்க, அரிசி திரட்டி அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். நான் அந்த இரண்டு நாளும் சென்னையில் போனை வைத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். இணைப்பு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு முதலில் சொன்னது, "கொளம் எல்லாம் போச்சுட்டி." வீட்டைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் புளியமரத்தைக் கும்பிட்டோம். தென்திருப்பேரைப் பக்கம் ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, குடையில்லாமல் மறுகாலில் காலை நனைத்துவிட்டு வந்தார். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குள் தண்ணீர் நின்றது, ஆட்கள் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

புன்னைக்காயல். நாலு மணி. மழை நின்று, மேற்கே ஒரு கீற்று வெயில். பொதிகையிலிருந்து சுமார் 128 கிலோமீட்டர் வந்த ஆறு இங்கே அகன்று, கிளை பிரிந்து, அவசரம் இல்லாமல் கடலுக்குள் போகிறது. பழைய கொற்கைத் துறைமுகம் இங்கிருந்து கிட்டத்தில்தான், ஆனால் இப்போது அது கடற்கரை இல்லை. ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணில் கடல் அத்தனை தூரம் பின்வாங்கியிருக்கிறது. பாபநாசத்தில் பார்த்த அந்தச் செம்மண் நிறம் கடலுக்குள்ளும் வெகு தூரம் அப்படியே போனது. அதற்கு அப்பால் கோடு போட்டது போல் பச்சை.

"இவ்வளவு தண்ணியும் வேஸ்ட்டா தாத்தா?" என்றான் பையன்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அப்பாவுக்கு முன்னால் பதில் சொன்னார். "எப்படிய்யா வேஸ்ட்டு? ஆத்துத் தண்ணி வந்தாத்தான் இந்த முகத்துவாரத்துல எறாலு, மடவையெல்லாம் கூடும். வராத வருசம் எங்க சட்டியும் காலிதான்." பிறகு அப்பாவைப் பார்த்து, "எங்க இருந்து வாரிய அண்ணாச்சி?"

"பாபநாசத்துல இருந்து."

"தண்ணி கூடயே வந்திட்டியளா?"

அப்பா தலையாட்டினார். முப்பத்திரண்டு வருஷம் தண்ணீரைத் திறந்து விட்ட மனிதர், அது கடலில் சேரும் இடத்தைப் பார்ப்பது இன்றுதான் முதல் தடவை என்று காரில் ஏறும்போது சொன்னார். பையன் நோட்டில் நாலாவதாக ஒரு வரி எழுதினான்: புன்னைக்காயல், 0 அடி. அரைக் கிலோ இறால் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். குரும்பூர் வருவதற்குள் மழை மறுபடி பிடித்துவிட்டது.